நாடாவின் மறுமுனை

டிசம்பர் முடியுமுன் புதுப்பிக்க வேண்டும்.
டெஸ்மண்ட் முதலாளிக்குக் கண்ணில் பூ விழுந்து நாலு வருசம்.
படிவம் நிரப்புவது நான்தான்.

ஜம்பட்டா வீதி, கொழும்பு பதின்மூன்று.
கட்டட வரைபடம், வரிச்சிட்டை, பொலிஸ் கடிதம்.
கழிவறை எத்தனை, கதவு உண்டா,
கிளாஸ்களை வெந்நீரில் கழுவுகிறீர்களா.
ஆம் என்று எழுதினேன்.
கேத்தல் அந்தப் பக்கம் ஒருநாளும் போனதில்லை.

பதினோராம் கேள்வியில்
வருசா வருசம் பேனை கொஞ்சம் நிற்கும்:
வளாகத்தில் மது பரிமாறும் வேலையில்
பெண்கள் எவரும் உளரா?
தமிழிலும் நிரப்பலாம்,
நிரப்பினால் மூன்று கிழமை பிந்தும்.
ஆகவே சிங்களத்தில்: நெத.
இரண்டே எழுத்து, இரண்டும் உருண்டை.
கொன்வென்ற்றில் மெச்சிய கையெழுத்தில்
நான் இல்லை என்று
அழகாக எழுதிவைத்தேன்.

பின்னேரம் ஏழரைக்குத்
துறைமுகத்து ஆட்கள் வந்து முட்டுவார்கள்.
சவரியான் ஒருத்தனால் ஏலாது.
காசுக் கூண்டின் கம்பிக்கடியில்
ஒரு கை வரும், சாராயம் வரும்,
மிச்சக்காசு வரும்.
துளி கூடினால் முதலாளி ஏசுவார்,
குறைந்தால் அவர்கள் ஏசுவார்கள்.
யாரும் ஏசியதில்லை.
யாரும் குனிந்து கம்பிக்குள் பார்த்ததுமில்லை.

எதிரே அச்சகத்து மாடியில்
இந்த வருசம் ஒரு பாலர் பாடசாலை.
யாரோ பெட்டிசம் போட்டிருக்கிறார்கள்.
மதுவரியிலிருந்து விதானகே வந்தார்,
கடை பூட்டியிருக்கும் மூன்று மணி வெயிலில்,
உதவியாள் லீவு, கையில் மஞ்சள் நாடா.
"மிஸ், இந்த முனையைப் பிடியுங்கோ."

பிடித்துக்கொண்டு நடந்தேன்.
முச்சக்கரவண்டிகள் நின்றன.
மீன்காரன் சைக்கிளைத் தூக்கி
நாடாவுக்கு மேலால் எடுத்துவைத்தான்.
பாலர் பாடசாலைக் கேற்றடியில்
நெஞ்சில் கைக்குட்டை குத்திய ஒரு பொடியன்
நாடாவில் சப்பாத்தை வைத்துக்கொண்டு கேட்டான்,
"அன்ரி, ரோட்டுக்குச் சட்டை தைக்கப் போறீங்களா?"

நாலு மீற்றர் குறைகிறதாம்.

முதலாளி கண்ணைக் கசக்கியபடி வெளியே வந்தார்.
"ஐயா, ஆள் பறந்தா போகும்?
மஞ்சள் கடவையால கடக்கிறதுதானே சட்டம்?"
விதானகே கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்தார்.
பிறகு திரும்ப அளந்தோம்.
வாசலிலிருந்து பேக்கரி வரை,
பேக்கரியிலிருந்து கடவையால் அந்தப் பக்கம்,
சாக்கடை மூடிக்கு மேலால் திரும்பிக் கேற்றுக்கு.
கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவள் நான்,
அந்தக் கடவையில் அன்றைக்குத்தான் கால் வைத்தேன்.
ஒன்றரை மீற்றர் மிச்சம்.

அளவுக்குச் சாட்சி வேண்டும் என்றார்.
பெயர்? பெர்னதெத் ரூபவதி.
தொழில்? காசாளர்.
பதினோராம் கேள்வி கிடந்த அதே கோப்பில்,
நாலு தாள் தள்ளி,
நான் கையொப்பம் வைத்தேன்.

வேர்த்திருந்தார். "ஏதாவது..." என்று முதலாளி இழுக்க,
"டியூட்டி. சோடா போதும்."

சவரியான் சாப்பிடப் போயிருந்தான்.
நான் எழும்பிக் கிளாஸை எடுத்து,
போத்தலைச் சரித்து,
கோட்டுக்கு வந்ததும் மணிக்கட்டை லேசாகத் திருப்பி
சொட்டு விழாமல் நிமிர்த்தினேன்.
சோடாவைப் போய் அளவாக ஊற்றினேன்,
ஐம்பது மில்லி, கூடாமல் குறையாமல்!
கிளாஸில் முக்கால்வாசி காற்று.

விதானகே கிளாஸைப் பார்த்தார்.
என் மணிக்கட்டைப் பார்த்தார்.
கோப்பைத் திறக்கப் போகிறார் என்று நினைத்தேன்.
நாடாவின் பொத்தானை அழுத்தினார்,
அது வீதித் தூசியோடு
சர்ரென்று உள்ளே போயிற்று.
"இன்னும் கொஞ்சம் விடுங்கோ, மிஸ்,"
என்றார், தமிழில்.

ஜனவரி நடுவில் அனுமதிப்பத்திரம் வந்தது.
சட்டம் போட்டு, ஆணியில் மாட்ட
ஸ்டூலில் ஏறினேன்.
சவரியான் கீழே நின்று
ஆடாமல் பிடித்துக்கொண்டான்.
வெளியே ஏழரை ஆகிக்கொண்டிருந்தது.